புதிய கார்டுக்கு எமுஎம்எம்சி ஏன் வந்து சேரவில்லை?

கேள்வி: என் நின்டெண்டோ ஸ்விட்சில் அட்மாஸ்ஃபியர் (கன்சோலின் சிஸ்டத்தை மாற்றியமைக்கும் மென்பொருள்) போட்டு, எமுஎம்எம்சியில்தான் (எஸ்டி கார்டில் இருக்கும் சிஸ்டம் நகல்) விளையாடுகிறேன். 128 ஜிபி எஸ்டி கார்டு நிறைந்துவிட்டதால், அதிலிருந்த எல்லாக் கோப்புகளையும் கணினி வழியாக 512 ஜிபி கார்டுக்கு நகலெடுத்தேன். இப்போது எமுஎம்எம்சி திறக்கவில்லை. கன்சோலின் சொந்த சிஸ்டம் மட்டும் திறக்கிறது, அதில் என் சேவ்கள் எதுவும் இல்லை. அவை அழிந்துவிட்டனவா?

பதில்: அழியவில்லை. அவை இன்னும் பழைய கார்டில்தான் இருக்கின்றன. எனவே முதல் வேலையாக அந்தக் கார்டைப் பத்திரப்படுத்துங்கள். கணினியில் செருகும்போது, இந்த டிரைவை ஃபார்மேட் செய்ய வேண்டுமா என்று விண்டோஸ் சில நேரம் கேட்கும். எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது காலி இடமென்று நினைப்பதுதான் உங்கள் எமுஎம்எம்சி.

ஸ்விட்சின் சிஸ்டமும் சேவ்களும் உள்ளே இருக்கும் 32 ஜிபி (ஓஎல்இடி மாடலில் 64 ஜிபி) இ.எம்.எம்.சி சிப்பில் இருக்கின்றன. எமுஎம்எம்சி என்பது அந்தச் சிப்பின் முழு நகல். சிஸ்டம் அந்தச் சிப்பைப் படிக்கவோ அதில் எழுதவோ முயலும் ஒவ்வொரு முறையும் அட்மாஸ்ஃபியர் அதை மறித்து எஸ்டி கார்டின் பக்கம் திருப்பிவிடுகிறது. இந்த நகல் சாதாரணக் கோப்புகளாகவும் இருக்கலாம், கார்டின் கடைசியில் ஒதுக்கிய தனிப் பார்டிஷனாகவும் (பிரித்து ஒதுக்கிய பகுதி) இருக்கலாம். உங்களுடையது எந்த வகை என்பதைப் பழைய கார்டின் எமுஎம்எம்சி கோப்புறையிலுள்ள சிறிய ஐஎன்ஐ கோப்பை (அமைப்புகளை எழுதிவைக்கும் உரைக்கோப்பு) நோட்பேடில் திறந்தால் கண்டுகொள்ளலாம்: ‘செக்டார்’ (நகல் கார்டில் தொடங்கும் இடத்தின் எண்) வரியில் பூஜ்ஜியம் அல்லாத எண் இருந்தால் அது பார்டிஷன் வகை. வழக்கமாக 119 ஜிபி என்று தெரிய வேண்டிய உங்கள் 128 ஜிபி கார்டைக் கணினி ஏறக்குறைய 90 ஜிபி என்று காட்டினால் அதுவும் இதற்குச் சாட்சி, ஏனென்றால் குறையும் 29 ஜிபி அந்தப் பார்டிஷனுக்குள் இருக்கிறது. நகலெடுத்தபோது கோப்புகள் மட்டும் வந்தன, பார்டிஷன் வரவில்லை. கூடவே வந்த ஐஎன்ஐ கோப்போ புதிய கார்டில் எதுவுமே இல்லாத ஒரு செக்டாரைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறது.

இதைச் சரிசெய்ய ஹெகாட்டே (ஸ்விட்ச் தொடங்கும்போதே இயங்கி, பேக்கப் போன்ற வேலைகளைச் செய்யும் பூட்லோடர் மென்பொருள்) போதும். பழைய கார்டில் 30 ஜிபி இடம் ஒழித்து, ஹெகாட்டேயின் பேக்கப் பக்கத்தில் எமுஎம்எம்சி பார்டிஷனுக்கான சுவிட்சை ஆன் செய்து, நகலின் மூன்று பகுதிகளான பூட்0, பூட்1, ரா ஜிபிபி ஆகியவற்றை எடுங்கள். பிறகு கார்டு முழுவதையும் கணினியில் சேமியுங்கள். புதிய கார்டில் ஹெகாட்டேயின் பூட்லோடர் கோப்புறையை மட்டும் போட்டு, ஹெகாட்டேயின் பார்டிஷன் கருவியால் எஃப்ஏடி32 கோப்பு முறையிலும் எமுஎம்எம்சிக்கு ஒரு பார்டிஷனுடனும் அமையுங்கள். எக்ஸ்ஃபேட் கோப்பு முறையில் ஸ்விட்ச் தரவுகள் கெட்டுப்போவது அடிக்கடி நடப்பதால் அதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. அதன்பின் கணினியில் உள்ள கோப்புகளை நகலெடுத்து, பேக்கப்பை ரீஸ்டோர் கோப்புறைக்குள் இருக்கும் எமுஎம்எம்சி உட்கோப்புறையில் வையுங்கள்.

ரீஸ்டோர் செய்யும் கட்டத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. ரீஸ்டோர் பக்கத்திலும் அதே சுவிட்ச் உண்டு; அது ஆனில் இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்தபிறகே பொத்தானைத் தொடுங்கள். ஆஃப் நிலையில் ரீஸ்டோர் கார்டுக்கு அல்ல, உள்ளே இருக்கும் சிப்புக்கே குறிவைக்கும். இதுவரை கைபடாமல் காத்துவந்த அசல் சிஸ்டத்தின்மீது எழுதிவிடும் அபாயம் உண்டு. சிப்பின் தனிப் பேக்கப் ஒன்றை இதற்கு முன்பே எடுத்துக் கணினியில் வைத்திருப்பது நல்லது. ரீஸ்டோர் முடிந்ததும் எமுஎம்எம்சி பக்கத்தில் ‘சேஞ்ச் எமுஎம்எம்சி’ வழியாகப் புதிய பார்டிஷனைத் தேர்ந்தெடுத்தால், ஐஎன்ஐ கோப்பில் சரியான செக்டார் எண்ணை ஹெகாட்டேயே எழுதிவிடும்.

இவ்வளவு சுற்றுவதற்குப் பதிலாக, சிப்பிலிருந்து புதிதாக ஓர் எமுஎம்எம்சி உருவாக்கிப் பழைய நின்டெண்டோ கோப்புறையை அதனுடன் இணைத்தால் என்ன என்று தோன்றலாம். அது நடக்காது. கார்டிலுள்ள கேம்கள் அந்தந்த எமுஎம்எம்சிக்குள் இருக்கும் சாவியைக் கொண்டே குறியாக்கம் செய்யப்படுவதால் புதியதில் அவை திறக்கா. சேவ்களோ பழைய பார்டிஷனுக்குள்ளேயே தங்கிவிடும்.

புதிய கார்டில் எமுஎம்எம்சி திறந்து, இரண்டு மூன்று கேம்களில் விட்ட இடத்திலிருந்தே சேவ் தொடர்வதைப் பார்த்தபிறகு பழைய கார்டை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.