என்எஃப்எல் கணக்குல சிஎஃப்எல்ல எடை போடாதீங்க

கேள்வி: கனடா வந்து சில வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல எல்லாரும் அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் பத்திதான் பேசறாங்க, அதுல ஆடற பஃபலோ பில்ஸ் மேட்ச் பாக்க பார்டர் தாண்டி கார் ஓட்டிட்டுப் போறாங்க, ஆனா கனடாவோட சொந்த ஃபுட்பால் லீக்கான சிஎஃப்எல்ல ஆடற, டொரண்டோவுலயே இருக்கற ஆர்கோனாட்ஸ் மேட்சுக்கு ஸ்டேடியம் நிறைய மாட்டேங்குது. சம்பளம் கம்மி, அமெரிக்காவுல இடம் கிடைக்காதவங்கதான் இங்க ஆட வர்றாங்கன்னும் சொல்றாங்க. சிஎஃப்எல்ல மூடிட்டு டொரண்டோவுக்கு ஒரு என்எஃப்எல் டீம் கொண்டுவந்தா எல்லாருக்கும் நல்லதுதானே?
வாசகர், மிசிசாகா

பதில்: இல்லைங்க, நல்லது இல்ல. நீங்க சொன்ன தகவல்ல பெரிய தப்பு ஒண்ணும் கிடையாது, ஆனா அதுலேர்ந்து நீங்க வந்து சேர்ந்த முடிவு தப்பு.

மொதல்ல பணத்தப் பேசிடுவோம். 2024ல ஒரு என்எஃப்எல் டீம் ஆட்டக்காரங்க சம்பளத்துக்குன்னு செலவு பண்ணக்கூடிய உச்சவரம்பு 25 கோடியே 54 லட்சம் அமெரிக்க டாலர். அதே வருஷம் ஒரு சிஎஃப்எல் டீமுக்கு 55 லட்சம் கனேடிய டாலர் சொச்சம். ஒரே பணத்துக்கு மாத்திப் பாத்தா அறுபது மடங்குக்கு மேல வித்தியாசம். என்எஃப்எல்ல மேட்ச்ல எறங்காம ப்ராக்டிஸ் ஸ்குவாட்ல மட்டும் இருக்கற பையனுக்கே 2024ல வாரத்துக்கு 12,500 டாலர், சீசன் பூரா இருந்தான்னா ரெண்டேகால் லட்சம் டாலர் கைக்கு வந்துரும், இங்க குறைஞ்சபட்ச சம்பளம் வருஷத்துக்கே 70,000 கனேடிய டாலர்தான். அதனால இங்க நல்லா ஆடறவன் தெற்கே போகத்தான் செய்வான். அவனக் குத்தம் சொல்ல முடியாது, நானா இருந்தாலும் போவேன்.

ஆனா "அங்க இடம் கிடைக்காதவங்க"ன்னு ஒரே வரியில தள்ளிட்டீங்க பாருங்க, அதுதான் எனக்கு கோவம். வாரன் மூன் யாரு? கருப்பர் ஒருத்தர் குவாட்டர்பேக்கா (பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்தறவர்) ஆட முடியாதுன்னு என்எஃப்எல்ல ஒரு நெனப்பு ஊறிக் கெடந்த காலம் அது, வேற பொசிஷனுக்கு மாறிக்கோன்னா மாட்டேன்னுட்டு எட்மன்டன் வந்தாரு. 1978லேர்ந்து 1982 வரைக்கும் வரிசையா அஞ்சு க்ரே கப், அதாவது சிஎஃப்எல் சாம்பியன் கோப்பை. அதுக்கப்புறம் 1984ல தான் ஹூஸ்டன் அவரக் கூப்பிட்டுச்சு. டக் ஃப்ளூட்டிய குள்ளம்னு ஒதுக்கினாங்க, அவரு இங்க ஆறு தடவ லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினாரு. இவங்களுக்கு தெறம பத்தலயா, இல்ல அங்க இருந்தவங்களுக்கு கண்ணு பத்தலயா?

இப்ப போட்டி லீக் விஷயத்துக்கு வருவோம். என்எஃப்எல்லோட மோதிப் பாத்த லீக்குங்க எத்தனன்னு பாருங்க. வேர்ல்ட் ஃபுட்பால் லீக் 1974ல வந்துச்சு, 1975ல போச்சு. யுஎஸ்எஃப்எல் 1983லேர்ந்து மூணு சீசன் ஆடிட்டு என்எஃப்எல் மேல கேஸ் போட்டு 1986ல ஜெயிச்சுது, நஷ்டஈடுன்னு கோர்ட்டு குடுத்தது ஒரு டாலர், சட்டப்படி மூணு மடங்காக்கி மூணு டாலர். எக்ஸ்எஃப்எல் 2001ல ஒரே சீசன். 2019ல ஏஏஎஃப்னு ஒண்ணு, சீசன் முடியறதுக்கு முன்னாடியே கடையக் கட்டிருச்சு. எக்ஸ்எஃப்எல் திரும்பவும் 2020ல வந்து அஞ்சு வாரம் ஆடுச்சு, கொரோனா வந்ததும் திவால். அப்புறம் வேற கையில மாறி, புது யுஎஸ்எஃப்எல்லோட சேந்து 2024லேர்ந்து யுஎஃப்எல்லுங்கற பேர்ல வசந்த காலத்துல ஆடிக்கிட்டு இருக்கு. சிஎஃப்எல் 1958லேர்ந்து இருக்கு, க்ரே கப் 1909லேர்ந்து இருக்கு, ஆர்கோனாட்ஸ் 1873லேர்ந்து இருக்காங்க. அதே கொரோனாவுல 2020 சீசன் மொத்தத்தையும் ரத்து பண்ணி, அரசாங்கத்துக்கிட்ட 15 கோடி டாலர் வரைக்கும் கேட்டுப் பாத்து அது கிடைக்காம, அடுத்த வருஷம் ஒன்பது டீமும் மைதானத்துல எறங்கிடுச்சு. பணம் மட்டுமே காரணம்னா இது எப்பவோ செத்திருக்கணும்.

என்ன காரணம்னா ஆட்டமே வேற. மைதானம் 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம், ஒரு பக்கத்துக்கு பன்னெண்டு பேர். பத்து யார்டு தாண்ட மூணே சான்ஸ் (டவுன்னு சொல்வாங்க), அமெரிக்காவுல நாலு. மெதுவா ஓடி ஓடி நாலு யார்டு மூணு யார்டுன்னு சேக்கறதெல்லாம் இங்க ரொம்ப நேரம் ஓடாது, பந்த காத்துல எறிஞ்சே ஆகணும். பந்து கைமாறறதுக்கு முன்னாடியே ரிசீவருங்க கோட்டப் பாத்து வேகமா ஓடி வரலாம், அந்த ஓட்டத்தோடயே பாய்வாங்க, எதிர்ல நிக்கற தடுப்பாட்டக்காரனுக்கு அது பெரிய தலவலி. பண்ட் அடிச்சா, அதாவது பந்த எதிராளி பக்கம் தூரமா உதைச்சு விட்டா, "எனக்கு விடு"ன்னு கைய தூக்கி தப்பிக்க முடியாது, பந்தப் புடிச்சவன் ஓடித்தான் ஆகணும், எதிராளி மட்டும் புடிக்கற வரைக்கும் அஞ்சு யார்டு தள்ளி நிக்கணும். ஒரு மேட்ச் முழுசா உக்காந்து பாத்தீங்கன்னா என்எஃப்எல் எவ்ளோ நேரம் நின்னு நின்னு ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும்.

இதே லீக் அமெரிக்காவுல போயி அடி வாங்கின கதையும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 1993லேர்ந்து 1995 வரைக்கும் சாக்ரமென்டோ, லாஸ் வேகஸ், ஷ்ரீவ்போர்ட், பர்மிங்ஹாம், மெம்ஃபிஸ்னு டீம் போட்டாங்க. லாஸ் வேகஸ்ல கூட்டமே வராம கடைசி ஹோம் மேட்ச எட்மன்டன்ல ஆடினாங்க. பர்மிங்ஹாம்ல காலேஜ் ஃபுட்பால் சீசன் ஆரம்பிச்ச ஒடனே ஜனம் அங்க போயிருச்சு. பால்டிமோர் மட்டும் விதிவிலக்கு. கோல்ட்ஸ்ங்கற என்எஃப்எல் டீம் ஊர விட்டுப் போன வலி அந்த ஊர்ல இருந்துச்சு, அதே பேர இவங்க வச்சுக்க கூடாதுன்னு என்எஃப்எல் தரப்பு கோர்ட்டுக்குப் போயி தடை வாங்குச்சு, பேரே இல்லாம ஒரு சீசன ஓட்டினாங்க, அப்படியும் கூட்டம் வந்துச்சு. 1995ல ரெஜைனாவுல கால்கரிய 37-20ன்னு அடிச்சு க்ரே கப்பையும் தூக்கினாங்க. அதே மாசம் கிளீவ்லேண்டோட என்எஃப்எல் டீம் பால்டிமோருக்கு வருதுன்னு அறிவிப்பு, அவ்ளோதான், ஜெயிச்ச டீம் பொட்டி கட்டிக்கிட்டு மான்ட்ரியல் வந்து 1996ல அலூயட்ஸா ஆடுச்சு. என்எஃப்எல் ஒரு ஊருக்குள்ள நொழஞ்சா என்ன ஆகும்ங்கறதுக்கு இத விட நேரான சாட்சி வேணுமா? டொரண்டோவுக்கு கொண்டுவரலாம்னு சொல்றீங்களே, ஆர்கோனாட்ஸ் போயிடும், பக்கத்து ஹாமில்டன் தாங்காது, டொரண்டோ மார்க்கெட் இல்லாம டிவி பணம் சுருங்கிடும், அப்புறம் ரெஜைனாவும் வினிபெக்கும் யாரோட ஆடறது?

1974லயே இந்த பயம் இருந்துச்சு. வேர்ல்ட் ஃபுட்பால் லீக்ல டொரண்டோவுக்கு நார்த்மென்னு ஒரு டீம் வரப் பாத்தப்ப, மத்திய அமைச்சர் மார்க் லலோன்ட் அத தடுக்க பார்லிமென்ட்ல மசோதாவே கொண்டுவந்தாரு. அது சட்டமாகறதுக்கு முன்னாடியே டீம் மெம்ஃபிஸ்க்கு ஓடிருச்சு. அப்புறம் 2008ல ரோஜர்ஸ் கம்பெனி 7.8 கோடி டாலர் குடுத்து பஃபலோ பில்ஸோட சில மேட்ச டொரண்டோவுல ஆட வச்சுது, நீங்க கேக்கற அதே என்எஃப்எல், அதே பில்ஸ். ஊரு பொங்கி வழிஞ்சுதா? டிக்கெட் விலையக் குறைச்சும் எடுபடல, 2013 மேட்சோட அந்த ஏற்பாடு முடிஞ்சுது.

ஆர்கோனாட்ஸ் மேட்சுக்கு கூட்டம் கம்மிங்கறது நெஜம், எனக்கும் அது வருத்தம்தான். 2017, 2022, 2024னு மூணு க்ரே கப் ஜெயிச்ச டீமுக்கு சொந்த ஊர்லயே மரியாத இல்ல. 1989லேர்ந்து 2015 வரைக்கும் பேஸ்பால் டீமோட அந்த பெரிய மூடு ஸ்டேடியத்துல போட்டு வச்சிருந்தாங்க, முப்பதாயிரம் பேர் வந்தாலும் அங்க வெறிச்சோடிதான் தெரியும். அத விட பெரிய தப்பு, புதுசா குடியேறினவங்கள லீக்கு கண்டுக்கவே இல்ல. ஸ்கார்பரோ, பிராம்ப்டன், மார்க்கம் பக்கம் நம்ம ஆளுங்க உட்பட எத்தன லட்சம் குடும்பம் இருக்கு, அங்க பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போயி பசங்க கையில பந்தக் குடுத்து ரெண்டு தலமுறையா வேல பாத்திருந்தா இன்னிக்கு நீங்க இந்தக் கேள்வியக் கேட்டிருக்க மாட்டீங்க.

ஆனா டொரண்டோ மட்டுமே கனடா இல்லைங்க. சஸ்காச்சுவன் போயி பாருங்க. ரெஜைனா ரெண்டேகால் லட்சம் பேர் இருக்கற ஊர், ஸ்டேடியத்துல 33,000 பேர் உக்காரலாம். அங்க ஆடற ரஃப்ரைடர்ஸ்க்கு தனி மொதலாளி கிடையாது, ஊரோட டீம். 1987ல காசு இல்லாம முழுகற நெலமயில டிவில டெலித்தான்னு நிதி திரட்டற நிகழ்ச்சி நடத்தி டிக்கெட் வித்து காப்பாத்தினாங்க. தர்பூசணியக் கொடஞ்சு ஹெல்மெட்டா தலையில மாட்டிக்கிட்டு வர்ற ஜனம் அது. 2009 க்ரே கப்ல 27-25ன்னு முன்னாடி இருக்காங்க, கடைசி நொடி, மான்ட்ரியல் அடிச்ச ஃபீல்டு கோல் (கோல் போஸ்டுக்கு நடுவுல உதைச்சா மூணு பாயிண்ட்) தவறிப் போச்சு, ஜெயிச்சுட்டோம்னு குதிக்கறாங்க, பாத்தா நடுவர் தப்புன்னு கொடி போட்டிருக்காரு, மைதானத்துல பன்னெண்டுக்கு பதிலா பதிமூணு பேர். பத்து யார்டு முன்னாடி வந்து மறுபடி அடிச்சான், உள்ள போச்சு, 28-27. எப்பேர்ப்பட்ட அடி! அதுக்கப்புறமும் அந்த ஜனம் நகரல. 2013ல சொந்த ஊர்லயே கப்ப ஜெயிச்சாங்க, 2025ல அதே மான்ட்ரியல 25-17ன்னு ஜெயிச்சு திரும்பவும் எடுத்தாங்க.

எனக்கு உண்மையான கவலை என்எஃப்எல் இல்ல, சிஎஃப்எல் ஆபீஸ்தான். 2025 செப்டம்பர்ல கமிஷனர் ஸ்டூவர்ட் ஜான்ஸ்டன் அறிவிச்சாரு, 2027லேர்ந்து மைதானம் 100 யார்டா சுருங்குது, பந்தக் கொண்டுபோயி டச்டவுன் போடற 20 யார்டு எண்ட் ஜோன் 15 ஆகுது, முன்னாடி இருக்கற கோல் போஸ்ட் அமெரிக்கா மாதிரி பின்னாடி போகுது. டச்டவுன் கூடும்னு காரணம் சொல்றாங்க. கோல் போஸ்ட மாத்தறது பரவாயில்ல, அதுல நியாயம் இருக்கு, ஆட்டக்காரன் ஓடற வழியில கம்பம் நிக்கறது ஆபத்துதான். எண்ட் ஜோனும் டொரண்டோ பிஎம்ஓ ஃபீல்டுல ஏற்கனவே 18 யார்டுதான். ஆனா அந்த 110 யார்ட எதுக்குய்யா வெட்டறீங்க? மூணு டவுன் அப்படியே இருக்கும்னு சொல்றாங்க, இன்னிக்கு சரி, அடுத்த கமிஷனர் வந்து நாலாக்க மாட்டாருன்னு என்ன உத்தரவாதம்? பிசி லயன்ஸ் குவாட்டர்பேக் நேதன் ரூர்க், அவரு கனடாக்காரர், வெளிப்படையாவே எதிர்த்துப் பேசினாரு, அவரு பக்கம்தான் நான். சீசன் டிக்கெட் வாங்கற ரெஜைனா, வினிபெக் ஜனத்துக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு 2027க்குள்ள இந்த நீள விஷயத்த மட்டுமாவது வாபஸ் வாங்கணும், அதுக்கு இன்னும் நேரம் இருக்கு.