போடாமல் வைத்திருந்த ஷூவின் அடி ஏன் உதிர்கிறது?

கேள்வி: ஏற்காட்டு வீட்டில் ஆறு வருடமாகப் பெட்டியிலேயே இருந்த ஷூவைப் போட்டு நடந்தேன். அடிப்பாகம் மாவாக உதிர்ந்துவிட்டது. அதே அலமாரியில் இருந்த தாத்தாவின் தோல் ஷூவில் அடி தேய்ந்திருக்கிறதே தவிர வேறு குறை இல்லை. சேலத்தில் கொடுத்து இரண்டையும் சரிசெய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் வேலை வேறு வேறு.

உதிர்ந்தது பாலியூரித்தேன் அடி, கடையில் 'பி.யூ. சோல்' என்பார்கள். அதில் பாலியெஸ்டர் வகையை ஈரக்காற்றே மெல்ல மெல்ல உடைத்துவிடும். போடாமல் வைத்தாலும் தப்பாது. மூடுபனியும் மூடிய பெட்டியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். நடந்ததால் கெடவில்லை, ஏற்கெனவே கெட்டிருந்தது நடக்கும்போது தெரிந்தது, அவ்வளவுதான். விட்ட இடத்தை மட்டும் ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். மாவின் மேல் பசை பிடிக்காது.

பழைய அடியைத் துளி பாக்கியில்லாமல் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் அடி போடச் சொல்லுங்கள். சொலூஷனை (ஷூ ஒட்டும் பசை) இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் 10–15 நிமிடம், காயவிட்ட பிறகே அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் ஒரு வாரத்தில் வாய் பிளக்கும். மேலே சுற்றிலும் ஒரு தையலும் போடச் சொல்லுங்கள். 24 மணி நேரம் கழித்துப் போடலாம்.

தாத்தாவின் ஷூ பிழைத்ததற்குக் காரணம், அதன் அடி தோல், தைத்த அடி. அடியைத் தைக்கும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் லைமன் பிளேக் 1858-இல் காப்புரிமை பெற்றார். அதுவரை அடியைத் தைப்பது கையால்தான். உள்ளே அட்டையைத் தூக்கிப் பாருங்கள்: சுற்றிலும் தையல் தெரிந்தால் பிளேக் முறை. உள்ளே தையல் இல்லாமல் வெளி ஓரப்பட்டையில் மட்டும் தெரிந்தால் வெல்ட் முறை (அந்தப் பட்டைக்குத்தான் வெல்ட் என்று பெயர்). இதுதான் பழுதுபார்க்க மிக வசதி. மேல்தோலைத் தொடாமல் தேய்ந்த அடியை மட்டும் கழற்றி மாற்றலாம். கையால் தைப்பவர் குத்தூசியால் போட்ட துளை ஒவ்வொன்றிலும் மெழுகு நூலின் இரு முனைகளையும் எதிரெதிராக இழுப்பார். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மீதி அவிழாது. பிளேக் இயந்திரத்தின் சங்கிலித் தையலுக்கு அந்த உறுதி கிடையாது.

கொடுப்பதற்கு முன் மேல்தோலை மெதுவாக வளைத்துப் பாருங்கள். வெடித்தால் புது அடி போட்டுப் பயனில்லை. வேறு பி.யூ. ஷூ இருந்தால் குதிகால் ஓரத்தை நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுப்போ கீறலோ தெரிந்தால் மலைப்பாதையில் நடக்கப் போட்டுக்கொண்டு போகாமல் இப்போதே அடியை மாற்றிவிடுங்கள்.