‘அந்த நாள்’ ஏன் இன்னும் பழசாகவில்லை? கறுப்பு வெள்ளைப் படம் பற்றிய கேள்வி பதில்

1954 ஏப்ரல் 13 அன்று வெளிவந்த படம் ‘அந்த நாள்’. ஏவி.எம். தயாரிப்பு, ஜாவர் சீதாராமன் எழுத்து, மாருதி ராவ் ஒளிப்பதிவு. இயக்கியவர் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர். 1943-இல் சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்டதை ஒட்டி, ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறான். விசாரணைதான் கதை. இந்தப் படத்தையும் பொதுவாகக் கறுப்பு வெள்ளைப் படங்களையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்கள். கொலையாளி யார் என்பதை எங்கும் சொல்லவில்லை. இன்னும் பார்க்காதவர்கள் பயப்படாமல் படிக்கலாம்.

கேள்வி: நான் 2003-இல் பிறந்தவன். அந்தக் காலத்து ஞாபகம் எதுவும் எனக்குக் கிடையாது. ஆனாலும் படம் இழுத்துக்கொண்டு போகிறது. என்ன காரணம் சார்?

பழைய நினைவுகளைக் கிளறுவதால்தான் இத்தகைய படங்கள் ஓடுகின்றன என்ற வாதத்துக்கு உங்கள் கேள்வியே மறுப்பு. படம் தொடங்கியதுமே கதாநாயகன் செத்துவிடுகிறான். ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகளில், சிவாஜி கணேசனைத் திரையில் காட்டிய கையோடு சுட்டு வீழ்த்துகிறார்கள். ‘யார்?’ என்ற கேள்வி உங்கள் மடியில் விழுந்துவிடுகிறது. அறிமுகக் காட்சி, ஊர்க்காட்சி, நகைச்சுவைக் கிளைக்கதை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது, சாட்சிகள் எல்லோருக்கும் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. மனைவி, தம்பி, தம்பி மனைவி, நாட்டியக்காரி, அண்டை வீட்டுக்காரர் என்று ஆளுக்கு ஆள் ராஜனைப் பற்றிச் சொல்லும்போது, சொல்பவரின் பணத்தாசையும் மனத்தாங்கலும் சேர்ந்தே வெளியே வருகின்றன. நீங்கள் கொலையாளியைத் தேடுகிறீர்கள், படமோ ஒரு குடும்பத்தின் உள்வீட்டைத் திறந்து காட்டுகிறது. விடை தெரிந்த பிறகும் படம் தாங்குவது இதனால்தான். வெறும் புதிர் மட்டும் இருந்திருந்தால் ஒருமுறை பார்த்ததோடு தீர்ந்திருக்கும்.

கேள்வி: பாட்டே இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்? பத்துப் பாட்டு இல்லாமல் படம் எடுக்காத காலம் அது.

பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. நீளமும் ஏறக்குறைய 130 நிமிடம்தான். பாட்டு, படத்துக்கு மூச்சு வாங்கும் இடம். அதை எடுத்துவிட்டால் அந்த ஓய்வை வேறெங்காவது கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர் களைத்துப்போவார். ‘அந்த நாள்’ அதை விசாரணை அறையில் கொடுக்கிறது. பின்னோக்குக் காட்சி ஒன்று முடிந்ததும் சி.ஐ.டி. அதிகாரியிடம் திரும்புகிறோம். அந்த இடைவெளியில் நம் சந்தேகத்தை எண்ணிச் சரிபார்த்துக்கொள்கிறோம். பாட்டை நீக்கிவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காத படங்கள் பல சோர்ந்துபோவதற்குக் காரணம் பாட்டு இல்லாதது அல்ல, இந்த ஓய்வு இல்லாததுதான்.

கேள்வி: இது ‘ராஷோமான்’ காப்பிதானே?

தூண்டுதல் அங்கிருந்து வந்தது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் அந்தப் படம் 1950-இல் வந்தது, 1951-இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. ஆனால் கட்டுமானம் வேறு. ‘ராஷோமான்’ ஒரே நிகழ்ச்சியை நான்கு விதமாகச் சொல்லி, உண்மை எது என்பதை முடிக்காமல் விடுகிறது. ‘அந்த நாள்’ சாட்சிகள் ஒரே சம்பவத்தைத் திருப்பிச் சொல்வதில்லை. ஒருவர் இன்னொருவர் மேல் கைகாட்ட, ராஜனுடைய வாழ்க்கையின் வேறு வேறு பக்கங்கள் வருகின்றன. கடைசியில் உண்மை தெரிந்துவிடுகிறது. அங்கே உண்மை கைக்கு எட்டாதது. இங்கே அது கண்டுபிடித்தே தீர வேண்டியது.

கேள்வி: அந்தப் படங்களில் முகங்கள் செதுக்கி வைத்ததுபோல் இருக்கின்றன. இன்றைய படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் ஏன் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது?

முக்கியமான கேள்வி. காரணம் லைட்டிங்.

அன்று சாதாரணமாகப் புழங்கிய படச்சுருள்களின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஏ.எஸ்.ஏ. என்ற அளவில் 100-க்குள்தான். ஆகவே நிறைய வெளிச்சம் வேண்டும். ஒளியைக் குவிக்கும் ஃப்ரெனல் லென்ஸ் வைத்த பெரிய விளக்குகளை நேராக அடித்தார்கள். அப்படிப்பட்ட கடின ஒளியில் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் விழும். மூக்கும் கன்ன எலும்பும் தாடையும் அந்த ஓரத்தால்தான் உருவம் பெறுகின்றன. இன்று துணியிலோ பலகையிலோ பட்டுத் தெறிக்கும் மென்மையான ஒளி வழக்கம். அதில் உருவத்தைப் பிரித்துக் காட்டும் வேலையின் பெரும்பங்கு நிறத்துக்குப் போகிறது. நிறத்தை எடுத்துவிட்டால் மிச்சம் சாம்பல்.

கணக்கு இப்படி: முகத்தின் ஒளிப்பக்கத்துக்கும் நிழல்பக்கத்துக்கும் உள்ள விகிதம் 2:1 என்றால் ஒரு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). குடும்பக் காட்சிக்கும் நகைச்சுவைக்கும் அது போதும். 4:1 இரண்டு ஸ்டாப், 8:1 மூன்று ஸ்டாப். கொலைக்கதையின் இருட்டு 8:1-ஐ ஒட்டி வருகிறது. பேக் லைட்டும் அவசியம். கறுத்த தலைமுடி இருண்ட சுவரோடு ஒட்டிக்கொண்டால் முகம் மட்டும் மிதப்பதுபோல் தெரியும். பின்னாலிருந்து முடிமேலும் தோள்மேலும் விழும் மெல்லிய கோடுதான் ஆளைச் சுவரிலிருந்து பிரிக்கிறது. வண்ணப்படத்தில் இதைச் சட்டையின் நிறமே செய்துவிடும்.

வெள்ளைச் சுவர் இதற்கு நேர்மாறான சோதனை. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. வின்சென்ட் அதை எப்படி ஒளிப்பதிவு செய்தார் என்று பாருங்கள். சுவரை முகத்தைவிட ஓரிரு ஸ்டாப் அடக்காவிட்டால் பார்வை முகத்தை விட்டுச் சுவருக்குப் போய்விடும்.

கேள்வி: அண்ணா, பத்து நிமிடக் குறும்படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்போகிறோம். டிஜிட்டல் கேமரா. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் உடையும் சுவரும். கருஞ்சிவப்புப் புடவையும் கரும்பச்சைச் சுவரும் கண்ணுக்கு எதிரெதிர் நிறம். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி ஆளைச் சுவர் விழுங்கிவிடும். படப்பிடிப்புக்கு முன்தினமே எல்லா உடையையும் அந்தச் சுவர் முன்னால் தொங்கவிட்டு, கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். பளீர் வெள்ளையைத் தவிர்த்து இளநீலமோ வெளிர்மஞ்சளோ கொடுங்கள். திரையில் அது வெள்ளையாகவே தெரியும், மடிப்பும் போகாது.

பதிவு வண்ணத்திலேயே இருக்கட்டும், மானிட்டரை மட்டும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். கேமராவுக்குள்ளேயே நிறத்தை அழித்துவிட்டால் பிறகு சாம்பலின் கலவையை மாற்ற வழி இல்லை. 8 பிட் பதிவில் ஒரு நிறத்துக்கு 256 சாயல் படிகள், 10 பிட்டில் 1024. சுவரில் ஒளி மெல்ல மங்கும் இடத்தில் படிப்படியாக வரி விழுவது 8 பிட்டின் கோளாறு. நிறம் இல்லாதபோது அது இன்னும் உறுத்தும். கடைசியில் மெல்லிய கிரெய்ன் (படச்சுருளில் தெரியும் பொடித்துகள்) சேர்த்தால் ஓரளவு மறையும்.

எடிட்டிங் மென்பொருளில் மாற்றும்போது ‘சாச்சுரேஷன்’ (நிறச்செறிவு) பூஜ்ஜியத்தோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் கணக்கில் பச்சைக்கு மட்டுமே 70 சதவீதத்துக்கு மேல் எடை. நிறங்களின் பங்கைக் கூட்டிக் குறைக்கும் சேனல் மிக்ஸரில் சிவப்பு 50, பச்சை 40, நீலம் 10 என்று தொடங்குங்கள், கூட்டுத்தொகை 100 இருக்க வேண்டும். சிவப்பைக் கூட்டினால் தோல் பளிச்சிடும், பரு மறையும். ரொம்பக் கூட்டினால் உதடு வெளிறி நோயாளிபோல் ஆகிவிடும். நீலத்தைக் கூட்டினால் தோல் கறுக்கும், பொட்டுப்பொட்டாகப் புள்ளிகளும் (நாய்ஸ்) ஏறும்.

படச்சுருளில் எடுத்த காலத்தில் இதே வேலையை ஃபில்டர் செய்தது. மஞ்சள் ஃபில்டர் நீல வானத்தைச் சற்றே கறுப்பாக்கும். சிவப்பு ஃபில்டர் ஏறக்குறைய இரவாக்கிவிடும், விலையாக மூன்று ஸ்டாப் ஒளி போகும்.

நடிகரைச் சுவரை ஒட்டி நிறுத்த வேண்டாம். ஆறேழு அடி தள்ளி நிறுத்தி விளக்கை உயர்த்தினால் அவருடைய நிழல் தரையில் விழும். இரண்டு கடின விளக்குகளை இருபக்கமும் வைத்து மூக்குக்கு இரண்டு நிழல் விழச் செய்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. ஒன்று மட்டும் கடினம், மற்றது துணி போட்டு மென்மை.

கேள்வி: வீட்டு டிவியில் பார்த்தால் படம் மெழுகுபோல இருக்கிறது, ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரிகிறது. பிரிண்ட்தான் மோசமா?

பாதிக் குற்றம் டிவியினுடையது. மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றையும் அணையுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் கிரெய்னை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கிறது, அதோடு தோலின் நுட்பமும் போகிறது. அந்த வெள்ளைக்கோடு ஷார்ப்னெஸ் செய்வது. பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். நிறச்சாயல் தெரிந்தால் கலர் அளவையும் பூஜ்ஜியம் ஆக்குங்கள். கலர் டெம்பரேச்சர் ‘வார்ம்’ என்று இருக்கட்டும்.

பிறகு ஒரு சோதனை. கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வரும் இடத்தில் நிறுத்துங்கள். கோட்டின் மடிப்பு தெரியாவிட்டால் பிரைட்னஸைக் கொஞ்சம் கூட்டுங்கள். வெள்ளை வேட்டியின் மடிப்பு தெரியாவிட்டால் கான்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தெரிவது சரியான நிலை. எவ்வளவு முயன்றும் தெரியவில்லை என்றால் அப்போது பிரதியைக் குறை சொல்லலாம்.

முக்கியமாக, ‘ஜூம்’ செய்து திரையை நிரப்பாதீர்கள். அன்றைய சட்டத்தின் (ஃப்ரேம்) அகல உயர விகிதம் 1.37:1. அதை 16:9-க்கு வெட்டினால் மேலும் கீழுமாக ஏறக்குறைய கால்வாசிப் படம் போய்விடும். நெற்றி அறுந்த முகங்கள் அப்படி வருபவைதான். பக்கங்களில் கறுப்புப் பட்டை இருக்கட்டும்.

இன்னொன்று: வினாடிக்கு 24 சட்டத்தில் எடுத்ததை 25-இல் ஓட்டிய பழைய வீடியோப் பிரதிகள் உண்டு. 130 நிமிடப் படம் 125 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், குரலும் சற்றே கீச்சென்று ஏறும்.

கேள்வி: இவற்றுக்கு வண்ணம் பூசினால் இளைஞர்கள் இன்னும் பார்ப்பார்களே?

‘முகல்-ஏ-ஆசம்’ 2004-இலும் தெலுங்கு ‘மாயாபஜார்’ 2010-இலும் வண்ணத்தில் வந்தன. அரங்கம், ஆடை, ஆபரணம் என்று நிறத்துக்கு இடமுள்ள கதைகள் அவை. ‘அந்த நாள்’ போன்ற படத்தில் முகத்தில் பாதி இருட்டு. வெள்ளித்துகள் பதிந்திருக்கும் அடர்த்தியிலிருந்து அசல் நிறத்தை மீட்க முடியாது, ஊகித்துத்தான் பூச வேண்டும். நிழலில் பூச எதுவும் இல்லாததால் அந்த இடத்தை வெளிச்சமாக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் படத்தின் முதுகெலும்பே போய்விடும். நான் கூடாது என்பேன். அந்தச் செலவில் நெகட்டிவை 4கே-யில் ஸ்கேன் செய்யலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய ரீல் டப்பாக்கள் உள்ளன. திறந்தால் புளித்த வாடை அடிக்கிறது. காப்பாற்ற முடியுமா ஐயா?

அது வினிகர் நோய். படச்சுருளின் அசிடேட் அடித்தளம், அதாவது உருவத்தைத் தாங்கும் பிளாஸ்டிக், சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும், பக்கத்து ரீல்களையும் கெடுக்கும். நல்ல செய்தி என்னவென்றால், கறுப்பு வெள்ளையில் உருவம் வெள்ளியால் ஆனது. வண்ணப் பிரிண்ட்களின் சாயம் வெளுத்து எல்லாம் செம்பழுப்பாகிவிடுவதுபோல் இது வெளுக்காது. கழுவும்போது ஹைப்போ (உருவத்தை நிலைக்க வைக்கும் ரசாயனம்) மிச்சம் நின்றிருந்தால்தான் மஞ்சளாகும். அடித்தளம் சுருங்குவதற்குள் ஸ்கேன் செய்துவிட்டால் உருவம் கிடைக்கும்.

புரொஜக்டரில் ஓட்டிப் பார்க்கவே கூடாது. ஒரு சதவீதம் சுருங்கியிருந்தாலும் பல்லில் மாட்டித் துளை கிழியும். காற்றோட்டமான இடத்தில் திறந்து, வாடையுள்ளதையும் இல்லாததையும் பிரித்து வையுங்கள். துருப்பிடித்த தகர டப்பாவை விட்டு, காற்றுத்துளை உள்ள பாலிபுரொப்பிலீன் டப்பாவுக்கு மாற்றுங்கள். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள், எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது. குளிரில் இருந்த டப்பாவை வெளியே எடுத்தால் ஒருநாள் கழித்துத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ரீல்மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

35 மி.மீ. என்றால் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘நைட்ரேட்’ என்று இருந்தால் வீட்டில் வைக்கவே கூடாது. அது பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். 16 மி.மீ.யில் அந்தப் பயம் இல்லை.

ஸ்கேன் செய்யும் இடத்தில் ‘வெட் கேட்’, அதாவது படச்சுருளைத் திரவத்தில் நனைத்து ஸ்கேன் செய்யும் வசதி, உண்டா என்று விசாரியுங்கள். அடித்தளப் பக்கத்துக் கீறல்களை அந்தத் திரவம் நிரப்பி மறைத்துவிடும். உருவம் இருக்கும் பக்கத்தில் விழுந்த கீறலுக்கு அது உதவாது, கணினியில்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: ‘அந்த நாள்’ ஒருமுறை பார்த்தாயிற்று. மறுபடி பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். குறிப்பாக, ராஜனின் மனைவியாக நடித்த பண்டரிபாயின் முகத்தை. பிறகு ஏதாவது ஒரு சாட்சியின் கதையை மட்டும் ஒலியே இல்லாமல் ஓடவிட்டு, ராஜன் முகத்தில் ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது, எப்போது பக்கம் மாறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.