காலேஜ் ஸ்டேஷன் வர்ற தம்பிக்கு: மொதல்ல மேட்ச் அட்டவணையைப் பாரு

தம்பி, காலேஜ் ஸ்டேஷன்ங்கற ஊர்ல இருக்குற டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டில எம்எஸ் சீட் கெடச்சிருக்கு, ஆகஸ்ட்ல கெளம்புறேன், வாடகை எவ்ளோ ஆகும், ஜாக்கெட் இங்கயே வாங்கிரவா, கார் இல்லாம சமாளிக்கலாமா, சீனியர்ஸ் எல்லாம் ஃபுட்பால் ஃபுட்பால்னு உசுர விடுறாங்களே அது நமக்கெதுக்குண்ணானு கேட்டிருக்க. வாடகைக்கும் ஜாக்கெட்டுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவாங்க. நீ போற போக்குல கடைசியா கேட்டல்ல, எனக்கு அதுதான் முக்கியம். 2012 ஆகஸ்ட்ல விருதுநகர்ல இருந்து ரெண்டு பொட்டியோட வந்து எறங்கினப்ப இதைப் பத்தி ஒருத்தன் கூட எங்கிட்ட வாயத் தொறக்கல.

ஃபுட்பால்னா நம்ம ஊரு கால்பந்து இல்ல, பந்தக் கையில புடிச்சு ஓடுற, எறியிற அமெரிக்க வெளையாட்டு. அந்த ஊர்ல செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் சனிக்கெழமைங்கறது உன்னோடது இல்ல. சொந்த ஊர்ல நடக்குற ஆட்டம் ஒரு சீசனுக்கு ஆறோ ஏழோதான், ஆனா கைல் ஃபீல்டுங்கற காலேஜ் ஸ்டேடியத்துல இப்ப 1,02,000 பேருக்கு மேல உக்காரலாம், அவ்ளோ பேரும் ஒரே நாள்ல வந்து எறங்கினா என்ன ஆகும்னு யோசிச்சுக்க. கேம்பஸ் பார்க்கிங் நெறைய எடத்துல முந்தின நாளே காலி பண்ணச் சொல்லிருவாங்க, மெயில்ல வரும், நம்மாளு படிக்க மாட்டான். என் ரூம்மேட் அப்பத்தான் கையில இருந்த காசெல்லாம் போட்டு ஒரு பழைய கார் வாங்கியிருந்தான், சனிக்கெழம மத்தியானம் போய்ப் பாத்தா வண்டி இருந்த எடத்துல வேற எவனோ அடுப்பு வெச்சு கறி சுட்டுட்டு இருக்கான், இழுத்துட்டுப் போன கம்பெனிக்காரன் கேட்ட காசுல எங்க நாலு பேருக்கும் மாச மளிகையே வாங்கியிருக்கலாம். அப்பா அம்மா வர்றாங்கன்னாலும் அட்டவணையப் பாத்துட்டு டிக்கெட் போடு, அந்த வாரம் ஓட்டல் வாடகையக் கேட்டா மயக்கம் வரும். ஆரஞ்சு சட்டை பொட்டிக்குள்ளயே கெடக்கட்டும். அது ஆஸ்டின்காரன் கலர், அதாவது இவங்களோட பரம எதிரி டெக்ஸாஸ் யூனிவர்சிட்டி டீம். 2011 நன்றித் திருநாள் அன்னிக்கு கடைசி செகண்டு உதையில 27-25னு இவங்கள அழ வெச்சுட்டுப் போனவன், அதுக்கப்புறம் 2024ல தான் திரும்ப மோதினாங்க, அப்பவும் அவன்தான் ஜெயிச்சான்.

நான் வந்த வருஷம்தான் ஏ அண்ட் எம் பழைய லீக்க விட்டுட்டு எஸ்இசிங்கற பெரிய காலேஜ் லீக்குக்குப் போன மொத வருஷம். அலபாமா, எல்எஸ்யூ, ஃப்ளோரிடா எல்லாம் இருக்குற லீக்ல இவங்க அடி வாங்கிட்டு வருவாங்கனு டிவியில பேசாத ஆள் இல்ல. கோச் கெவின் சம்லின் புதுசு, குவார்ட்டர்பேக், அதாவது பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துறவன், ஜானி மான்சியல்னு பேர் தெரியாத ஒரு பையன். லேப்ல கூட வேலை செஞ்ச டெக்ஸாஸ்காரன் ஒருத்தன் ஃப்ளோரிடா மேட்சுக்கு இழுத்துட்டுப் போனான். ஸ்டூடண்ட்ஸ் பக்கம் யாரும் உக்கார மாட்டாங்க தம்பி, முழு ஆட்டமும் நின்னுட்டேதான். 1922ல ஆட்டத்துல நெறைய பேருக்கு அடிபட்டப்ப கேலரியில இருந்த கிங் கில்லுங்கற பையன் எறங்கி வந்து யூனிஃபார்ம் மாட்டிட்டு கடைசி வரை ரெடியா நின்னானாம், அதனால இன்னிக்கும் எல்லாரும் ரெடியா நிக்கணுமாம். கீழ யெல் லீடர்னு கூட்டத்தக் கத்த வெக்கிற ஸ்டூடண்ட் கையால ஒரு சைகை காட்டுவான், அது வரிசை வரிசையா பின்னாடி வரும், நீயும் அதே சைகையக் காட்டி பின்னாடி அனுப்பணும், அப்புறம் முட்டியில கை வெச்சு குனிஞ்சு கத்தணும். பாட்டு வந்தா தோள்ல கை போட்டு ஒரு வரிசை இடது பக்கம் ஆடினா அடுத்த வரிசை வலது பக்கம், காலுக்கு அடியில காங்கிரீட்டே ஆடும். எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

பாதி ஆட்டம் வரை 17-10 முன்னாடி இருந்தாங்க, அப்புறம் ஒரு புள்ளி எடுக்கல, 20-17 தோல்வி. தோத்தும் யாரும் கெளம்பல, நின்னு இன்னொரு வாட்டி கத்திட்டுத்தான் போனாங்க. கேட்டா, நாங்க தோக்குறதில்ல, நேரம் தீந்துபோச்சுங்கறான்!

நாலு வாய்ப்புக்குள்ள பத்து கெஜம் முன்னேறணும், அவ்ளோதான் ரூல், மீதி தானா புரியும். எனக்குப் புரிஞ்சது அக்டோபர்ல, லூசியானா டெக்கோட 59-57னு ஜெயிச்ச ராத்திரி. அது புயலால தள்ளிப்போன ஆட்டம். எல்எஸ்யூ கிட்ட 24-19 தோல்வி. நவம்பர் 10 அலபாமா. அவன் ஊர்ல ஆட்டம், அவன் நம்பர் ஒன். நாங்க அபார்ட்மெண்ட்ல ரசம் சாதத்தோட டிவி முன்னாடி. மொத குவார்ட்டர்லயே எங்காளுங்க 20-0 முன்னாடி. அதுல ஒண்ணு, மான்சியல் தன் டீம் ஆள் மேலயே மோதி பந்து கையில இருந்து துள்ளி, திரும்பப் புடிச்சு ஓரமா ஓடி எறிஞ்சது. கடைசியில 29-24, அலபாமாவுக்கு எல்லைக் கோட்டுக்கு ரெண்டு கெஜம்தான் பாக்கி, நாலாவது வாய்ப்பு, டெஷேசர் எவரெட் நடுவுல பாஞ்சு பந்தப் புடிச்சுட்டான். தெருவே அலறுச்சு. ஃபுட்பால்னா காட்டான் வெளையாட்டுனு சொன்ன எங்க ஆந்திரா ரூம்மேட் சோத்துத் தட்டோட எந்திரிச்சு ஆடினான். அப்புறம் மான்சியல் ஹைஸ்மன் வாங்கினான், காலேஜ் ஃபுட்பால்ல அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரனுக்குக் குடுக்குற விருது, மொத வருஷ ஆட்டக்காரன் அதை வாங்கினது அதுதான் மொத தடவை. சீசன் முடிஞ்சு நடக்குற காட்டன் பவுல் மேட்ச்ல ஓக்லஹோமாவ 41-13னு அடிச்சு, சீசன் 11-2, நாட்டுல அஞ்சாவது எடம்.

இதெல்லாம் எதுக்குனு கேப்ப. நம்மாளுங்க பாதி பேர் இருபது வருஷம் இங்க இருந்தும் எந்தப் பொங்கல் விழாவுல பாத்தாலும் கிரீன் கார்டு தேதி, வீட்டு வெலை, ஊர்ல வாங்கின பிளாட்டு, இதைத் தாண்டி ஒரு பேச்சு கெடையாது, அப்புறம் ஆபீஸ்ல எவனும் நம்மள மதிக்கலனு பொலம்புவாங்க. இன்னொரு கோஷ்டி வந்து ஆறே மாசத்துல தமிழ மறந்துரும், அது அதைவிட மோசம். நான் ரெண்டும் இல்ல. ஹூஸ்டன்ல என் மொத இண்டர்வியூல எதிர்ல இருந்தவர் விரல்ல ஆகி மோதிரம், ஏ அண்ட் எம்ல படிச்சவங்க போடுறது. எந்த வருஷம் அங்க இருந்தன்னார், 2012ன்னேன், அலபாமா மேட்ச் எங்க பாத்தனு கேட்டவர் அரை மணி நேரம் அதையேதான் பேசினார், என் புராஜெக்ட் பத்தி கடைசி அஞ்சு நிமிஷம்தான். வேலை கெடச்சுது.

மேட்ச் வாரம் டிக்கெட் வாங்க வரிசை நிக்கும், முதுகலைப் பசங்களுக்கும் சீனியர்களுக்கும் திங்கக்கெழமையே குடுப்பாங்க, சோம்பேறித்தனப்படாம போயி நில்லு. கார் மொத செமஸ்டருக்கு வேணாம், பஸ் இருக்கு. ஜாக்கெட் கொண்டு வராத, அக்டோபர் வரைக்கும் வேர்க்கும். குக்கர் மட்டும் ரெண்டு கொண்டா, ஒண்ண ரூம்மேட் அடி புடிக்க வெச்சுருவான்.