கேள்வி – பதில்: களத்துக்கு விமானம் பிந்துவது ஏன்?

கேள்வி: தரைப்படையும் விமானப்படையும் ஒரே நாட்டினுடையவை. அப்படியிருந்தும் முன்னரங்கில் நிற்பவர்கள் கேட்ட உடனே விமானம் வராமல் போவது ஏன்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: விமானச் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகிய ஊரிலிருந்து இக்கேள்வி வருவது விந்தைதான்; ஆனால் கேள்வி நியாயமானது. பறந்து வரச் சில நிமிடங்கள் போதும். அந்த விமானம் யாருடையது, அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்பதிலேயே நேரம் கழிகிறது. பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் இடையில் கோவையோடு அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1947இல் விமானப்படை தரைப்படையிலிருந்து பிரிந்தது. மறு வருடம் புளோரிடா மாநிலத்தின் கீ வெஸ்ற்றில் எட்டிய உடன்பாட்டின்படி, களத்தில் நிற்கும் தரைப்படையினருக்கு வான் ஆதரவு வழங்கும் பொறுப்பு விமானப்படைக்குச் சென்றது. பொறுப்பை ஏற்றார்களேயன்றி அதில் மனம் செல்லவில்லை. அணுகுண்டு வீச்சு விமானங்களுக்கே முதலிடம் கிடைத்தது. 1966இல், வியட்நாமில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, தரைப்படை தன் கரிபூ போக்குவரத்து விமானங்களை விமானப்படையிடம் ஒப்படைக்க, விமானப்படை உலங்குவானூர்திகள் மீதான உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டது. வேலித் தகராறு தீர்த்த மாதிரித்தான்! தரைப்படைக்கு உதவுவதற்கென்றே உருவாக்கிய ஏ-10 விமானங்களையும் 2014இல் விமானப்படை ஓய்வுபெறச் செய்ய முனைந்தது, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் இடம்கொடுக்கவில்லை.

அதற்காக விமானங்களைத் தரைத்தளபதிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும் தீர்வாகாது. இரண்டாம் உலகப் போரில், 1943இல் துனீசியாவில் அப்படிச் சிதறிக் கிடந்த நேசநாட்டு விமானங்களைத் தேவையான இடத்தில் ஒன்றுதிரட்ட முடியாமற் போயிற்று. உரிமையைவிட, களத்தில் நிற்பவர் விமானியோடு நேரே பேச முடிகிறதா என்பதே முக்கியம் என்பேன். அமெரிக்க மரைன் படையில் விமானிகளே காலாட்படையோடு சென்று விமானங்களை வழிநடத்துகிறார்கள்.

கேள்வி: கார்கிலிலும் இப்படி நடந்ததா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: ஓரளவுக்கு நடந்தது. 1999 மே மாதத்தில், பாகிஸ்தானுடனான கார்கில் மலைப் போரில், இந்தியத் தரைப்படை தாக்குதல் உலங்குவானூர்திகளைக் கேட்டபோது, அவ்வளவு உயரத்தில் அவற்றால் போரிட இயலாது என்றும், அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்றும் விமானப்படை கூறியது. அனுமதி கிடைத்து 26ஆம் திகதி தாக்குதல் தொடங்கியது. 28ஆம் திகதி எம்.ஐ.17 உலங்குவானூர்தி ஒன்று வீழ்த்தப்பட்டு அதிலிருந்த நால்வரும் இறந்தனர். ஆகவே விமானப்படையின் தயக்கத்தை வெறும் கந்தோர்ப் பிடிவாதம் என்று தள்ள என்னால் இயலவில்லை. ஆயினும் 2020இல் தரைப்படைக்கென்றே ஆறு அப்பாச்சி தாக்குதல் உலங்குவானூர்திகளை வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது.