கருத்தரிப்பதற்கான மருந்துகளால் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வருமா?

நான்கு சுற்று ஊசி போட்டும் கரு தங்கவில்லை என்றும், இந்த மருந்துகள் பின்னாளில் மார்பகப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உங்கள் மாமி அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இரவு ஒன்பது மணிக்குத் தவறாமல் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டவள் நான். அந்த அச்சம் எனக்குப் புதிதல்ல.

நெதர்லாந்தில் 1980 முதல் 1995 வரை குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெற்ற 25,108 பெண்களை ஏறத்தாழ 21 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். 55 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் சோதனைக்குழாய் முறைக்கு உட்பட்டோரில் 3.0 சதவீதம், ஏனைய சிகிச்சை பெற்றோரில் 2.9 சதவீதம். பிள்ளை பெறாதிருப்பதும் முதற்பிள்ளையைப் பிந்திப் பெறுவதும் தம்மளவிலேயே இந்நோய்க்கான வாய்ப்பைச் சற்றுக் கூட்டுவன என்பதால், இருபது வயதில் தாயானவரோடு நம்மை ஒப்பிட்டால் பழி மருந்தின் மேல் விழுந்துவிடும்.

கருமுட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் குளிசையில் மட்டும் கவனம் தேவை. 1965 முதல் 1988 வரை அமெரிக்காவில் சிகிச்சை பெற்றோரை ஆராய்ந்தபோது, அதை உட்கொண்டோரிடம் பொதுவாக ஆபத்து கூடவில்லை. பன்னிரண்டு சுற்றுகளோ அதற்கு மேலோ எடுத்த சிறு தொகையினரிடம் கூடியிருந்தது. இன்று ஆறு சுற்றுக்கு மேல் பொதுவாக நீடிப்பதில்லை.

எனக்கு லெட்ரோசோல் எழுதித் தந்த நாளில், பாமசியிலிருந்து வந்து பெட்டிக்குள் எட்டாக மடித்திருந்த தாளை விரித்தேன். "மார்பகப் புற்றுநோய்" என்ற சொல்லைக் கண்டதும் கை குளிர்ந்துவிட்டது. அது அந்நோயை உண்டாக்கும் மருந்தல்ல, அதற்குச் சிகிச்சையாகவே முதலில் வந்த மருந்து. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனின் சுரப்பைக் குறைப்பதால் கருமுட்டை வளரவும் உதவுகிறது. உங்கள் வீட்டிலும் இந்தத் தாளை யாரேனும் படித்திருக்கக்கூடும். மாமிக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் இருந்திருந்தால் அடுத்த சுற்றுக்கு முன்பே வைத்தியரிடம் கட்டாயம் கூறுங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால், சிகிச்சை முடியட்டும் என்று காத்திராமல், கொழும்பு நாரஹேன்பிட்டியிலுள்ள புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

இன்னொன்று: நான் வைத்தியரை மாற்றியபோது பழைய இடத்தில் என் கோப்பு கிடைக்கவில்லை. ஐந்து சுற்று குளோமிஃபீன் எடுத்ததைப் புதியவரிடம் காட்ட, நான் திகதியிட்டு எழுதிவந்த ஒற்றைக்கோட்டுக் கொப்பிதான் உதவியது. உங்கள் நான்கு சுற்றுகளின் திகதி, மருந்து, அளவு மூன்றையும் இன்றே எழுதிவையுங்கள்.