கார்ட்டூன் பூனை தட்டையாக நசுங்கியும் உடனே எழுவது எப்படி?

மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தமிழ்ப் பிள்ளைகள் இந்தி டப்பிங்கில் பார்க்கும் குறும்புப் பூனைத் தொடர்களைப் பற்றி அடிக்கடி வரும் கேள்வி இது. அலமாரி மேலிருந்து விழுந்த பூனை தரையோடு தட்டையாகி, மறுநொடியே எப்படிப் பழையபடி ஆகிறது?

அனிமேஷனில் இதற்கு 'ஸ்குவாஷ் அண்ட் ஸ்ட்ரெட்ச்' என்று பெயர். வேகமாக விழும்போது உருவத்தை நீட்டியும், மோதும்போது அமுக்கியும் வரைவார்கள். எடையும் வேகமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். உருவம் மாறாமல் விழுந்தால் பூனை உயிரில்லாத பொம்மையாகிவிடும், சிரிப்பும் வராது.

இதில் மீறக்கூடாத விதி, கன அளவு மாறக்கூடாது என்பது. சப்பாத்தி மாவு உருண்டையை உள்ளங்கையால் அழுத்தினால் உயரம் குறையும், அகலம் கூடும்; மாவு அதேதான். பூனையின் உயரத்தைப் பாதியாக்கி அகலத்தை அப்படியே விட்டால், நசுங்கியதாகத் தெரியாது, சிறுத்துப் போனதாகவே தெரியும். புதிதாக வரைபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படச்சட்டங்கள் ஓடும். வரைந்த ஒரு படத்தை 2 ஃபிரேம் நிறுத்தினால் நொடிக்கு 12 படம். நசுங்கிய படம் ஒன்றிரண்டு போதும். அதற்கு மேல் நின்றால் நிஜமாகவே அடிபட்டதுபோல் தோன்றி, பார்க்கும் பிள்ளையின் முகம் வாடிவிடும். காதும் வாலும் உடம்பைவிடக் கொஞ்சம் பிந்தி அடங்கினால் இன்னும் அழகு.

இதைப் பார்த்துவிட்டு, பூனை எங்கிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நம்ப வேண்டாம்: உயரமான மாடியிலிருந்து விழும் நிஜப் பூனைக்குத் தாடையும் காலும் உடையலாம், நெஞ்சில் அடிபடலாம், ஆகவே மும்பை அடுக்குமாடியில் பூனை வளர்ப்பவர்கள் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் கட்டாயம் வலை அடிக்க வேண்டும்.